மணி அடிக்காத சனிக்கிழமை

ஆகஸ்ட் 1, வியாழன்

சபையின் சீஷத்துவ வகுப்பில் தினமும் தியானக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார் ஐயர். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். வேதத்தில் வாசித்தது, தேவன் அதில் என்னோடு பேசியது, நான் எடுத்த தீர்மானம் என்று தலைப்புகள் கொடுத்தார். எனக்கு அதெல்லாம் வராது. நான் குளிர்சாதன மெக்கானிக், டிப்ளமோ. நடந்ததை எழுதுவேன். தேவன் பேசியிருந்தால் அது அதற்குள்ளேயே இருக்கும்.

நடந்தது: திங்கட்கிழமை மகன் பிறந்தான். பெர்சிஸுக்கு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. இரத்த அழுத்தம் ஏறியதால் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். எடை ஒரு கிலோ நூறு. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரி, பச்சிளம் குழந்தைகள் பிரிவு. வெப்பம் கொடுக்கும் வார்மரில் படுக்க வைத்திருக்கிறார்கள். அப்பாமாரைக் கொஞ்ச நேரம்தான் உள்ளே விடுகிறார்கள். நான் வார்மரின் அளவைப் பார்த்தேன். சரியாக இருந்தது. சென்சார் ஒட்டிய இடம் லேசாகத் தூக்கியிருந்தது, நர்ஸிடம் சொன்னேன்.

"நீங்க டாக்டரா?"

"இல்ல. ஏசி மெக்கானிக்."

முறைத்துவிட்டு ஒட்டினார்.

சாயங்காலம் ஊருக்கு வந்து சபையின் ஃப்ரீசர் பெட்டியைத் துடைத்துவைத்தேன். இறந்தவர்களை அடக்கம் வரை வைக்கும் பெட்டி. வாலிபர் ஐக்கியத்தில் அதுதான் என் ஊழியம். மற்றவன் பாடுவான், கிட்டார் வாசிப்பான். நான் பெட்டி கொண்டு போவேன். யார் வீட்டில் துக்கமானாலும் நண்பன் ஜஸ்டஸின் லோடு ஆட்டோவில் ஏற்றிப் போய், கரண்ட் பார்த்து, ஓட விட்டு, வருவேன். உட்கார்ந்து அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. பெட்டி ஓடினால் போதும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

எடை இருபது கிராம் குறைந்திருக்கிறது. முதல் வாரம் குறையுமாம். பெர்சிஸ் அழுதாள். நான் விளக்கினேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆராதனையில் ஐயர் எங்களுக்காக ஜெபித்தார். முடிந்ததும் ஜெபக்குழு நடத்தும் ஞானதுரை அண்ணாச்சி எழுந்தார். அவர் எழுந்தால் ஐயரே உட்கார்ந்துவிடுவார்.

"சபையாரே, ஒரு காரியம் சொல்லுதேன். செப்டம்பர் கடைசி ஞாயிறு, இந்தப் பிள்ளைக்கு இந்தத் தொட்டியில ஞானஸ்நானம். ஆண்டவர் எனக்குக் காட்டிட்டாரு. தம்பி கிளாட்சன், விசுவாசிக்கிறியா?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"விசுவாசிக்கிறேன்."

"சத்தமா!"

"விசுவாசிக்கிறேன்."

அல்லேலூயா என்றார்கள். எனக்கு இந்த மாதிரிக் கூச்சல் பிடிக்காது. ஆனால் தேதி பிடித்திருந்தது. எந்த வேலைக்கும் முடிக்கும் நாள் ஒன்று வேண்டும். அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டார்கள். வாலிபர்கள் வெள்ளிதோறும் உபவாசம் இருப்பதாகப் பேர் கொடுத்திருக்கிறார்கள். ஜஸ்டஸும் கொடுத்திருக்கிறான்.

"நீ டீ குடிக்காம இருப்பியால?"

"டீ சாப்பாட்டுல சேராதுடே" என்றான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பெர்சிஸோடு சண்டை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு.

"அத்தான், ஐயரக் கூட்டிட்டு வாங்க. பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துருவோம்."

"இப்பவா? இங்கயா?"

"பக்கத்து வார்மர்ல கெடந்த பிள்ளை காலைல போயிருச்சு."

"அது எண்ணூறு கிராம் பெர்சி. நம்ம பிள்ளைக்கு எடை கூடிட்டுதான வருது."

"கூடட்டும். குடுத்துட்டா கூடாமலா போயிரும்?"

"ஆஸ்பத்திரியில வச்சு ஞானஸ்நானம் சாகப்போறவங்களுக்குத்தான் குடுப்பாங்க. சபைக்கு முன்னால விசுவாசிக்கிறேன்னு சொல்லிட்டு, ரெண்டு நாள்ல ஐயரக் கூப்பிட்டா என்ன அர்த்தம்? நம்பலன்னு நாமளே சொன்ன மாதிரி ஆகாதா?"

"சபைக்கு என்ன அர்த்தமாகும்னு நான் கேக்கல. எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லுதேன்."

"பயப்படக் கூடாது."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பேராவது யோசித்தீர்களா என்று கேட்டாள். ஞானஸ்நானத்தின்போது வைக்கலாம், இன்னும் நாள் இருக்கிறது என்றேன். பால் எடுத்துக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. தையலைக் கையால் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்து போனாள். தையலில் சீழ் கட்டியிருக்கிறது. அவளுக்கே ஊசி போகிறது. அவள் அம்மா, அத்தை, கூட இருக்கிறார்.

நான் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 7, புதன்

வேலை. ஒரு ஜவுளிக்கடையில் ஆறு ஏசி கழற்றி மாட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனில் எடை கேட்டேன். கூடியிருக்கிறது. பெர்சிஸ் குரல் அமைதியாக இருந்தது. நேற்று பேசியது உறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மத்தியானம் கீழப்பனைவிளையில் ஒரு பாட்டையா இறந்துவிட்டார். பெட்டி ஏற்றிப் போனோம். அந்த வீட்டு லைனில் வோல்டேஜ் இல்லை. கம்ப்ரசர் எடுக்கிறது, நிற்கிறது. அதைக் கிளப்பிவிடும் ரிலே போய்விட்டது. ஜஸ்டஸை அனுப்பி வேறு ரிலே வாங்கி வந்து மாட்டி, ஸ்டெபிலைசரைப் பக்கத்து வீட்டு லைனில் கொடுத்து ஓட விட்டேன். துக்க வீட்டுக்குள் போன் கொண்டு போவதில்லை என்று வாலிபர்களுக்கு நானே விதி போட்டிருக்கிறேன். நல்ல விதிதான். போன் ஆட்டோவில் இருந்தது.

வந்து பார்த்தபோது அத்தையிடமிருந்து பதினான்கு அழைப்புகள்.

மூச்சு நின்று நின்று வந்ததாம். பம்ப் பண்ணிப் பார்த்தார்களாம். கடைசி நேரத்தில் பெர்சிஸ் கையில் கொடுத்தார்களாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது துணியில் சுற்றியிருந்தது. முகம் மூடியிருந்தது. நான் திறந்து பார்க்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் போட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

பெர்சிஸுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் விடவில்லை. குழந்தையை நான் காரில் மடியில் வைத்து ஊருக்குக் கொண்டு வந்தேன். நேரே கோயில். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குத் துக்க மணி கிடையாது. ஆராதனை கிடையாது. கல்லறைத் தோட்டத்தின் மேற்கு மதில் ஓரமாக ஆண்கள் நாலு பேர் புதைத்துவிட்டு வருவார்கள். சபைச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. வழக்கம், அவ்வளவுதான்.

கோயில்பிள்ளை வேலை பார்க்கும் தாசன் அண்ணன்தான் மணி அடிக்கிறவர். கயிற்றுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஐயர் அங்கி போடாமல் வந்தார். ஞானதுரை அண்ணாச்சி வரவில்லை.

அப்போது பெர்சிஸ் போன் செய்தாள்.

"அத்தான், மணி அடிக்கச் சொல்லுங்க."

"அடிக்க மாட்டாங்க பெர்சி. ஒனக்குத் தெரியும்லா."

"நான் குடுத்துட்டேன்."

"என்னத்த?"

"ஞானஸ்நானம். புதன்கிழமை. பால் குடுக்கப் போனப்ப. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி நாமத்துல, மூணு தடவ தண்ணி தொட்டு, பேரு சொல்லி. அவசரத்துக்கு விசுவாசி யாரும் குடுக்கலாம்னு ஐயரே வகுப்புல சொல்லியிருக்காருல்லா? மணி அடிக்கச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன். எனக்குக் கேக்கணும்."

ஐயரிடம் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. "தாராளமா செல்லும் தம்பி. யார் கூட இருந்தாங்க? சாட்சி யாராவது?"

நான் போனில் கேட்டேன். "யாரு பாத்தா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை.

"பெர்சி, யாரு சாட்சி?"

"அத்தான்" என்றாள்.

ஐயர் என் தோளில் கை வைத்தார். "பரவாயில்ல. நீங்க சொன்னா எனக்குப் போதும். குடுத்தது உண்மைதானா? உண்மைன்னு சொல்லுங்க, நான் அங்கி போட்டுட்டு வந்துருதேன்."

தாசன் அண்ணன் கயிற்றில் கை வைத்தார்.

எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் பயந்துபோய் இருந்ததைப் பார்த்தேன். பிள்ளையை இழந்தவள் மதில் ஓரம் புதைக்கக் கூடாது என்பதற்காக எதையும் சொல்லலாம் என்று தோன்றியது. தேவனுடைய வீட்டு வாசலில் நின்றுகொண்டு தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு வராது.

"எனக்குத் தெரியாது ஐயா. நான் பாக்கல" என்றேன்.

தாசன் அண்ணன் கையை எடுத்துவிட்டார்.

போன் அப்போதும் லைனில் இருந்தது. அவள் மூச்சு கேட்டது. நான்தான் கட் செய்தேன்.

மதில் ஓரம் மண் இளக்கம். சீக்கிரம் முடிந்துவிட்டது. ஐயர் வாய்க்குள் ஏதோ ஜெபித்தார். ஜஸ்டஸ்தான் சத்தமாக அழுதான். அவன் அழுவதைப் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அறிவிப்புப் பலகையில் தேதி அப்படியே இருந்தது. நானே அழித்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

பெர்சிஸை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கார் கொண்டு போனேன். வாசலில் இன்னொரு கார் நின்றது. அவள் அப்பா கொண்டு வந்தது.

"கொஞ்ச நாள் எங்ககூட இருக்கட்டும் மருமகனே. ஒடம்பு தேறட்டும்" என்றார் அத்தை. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பெர்சிஸ் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. நான் பக்கத்தில் போய், மாத்திரை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன். எடுத்துக்கொண்டேன் என்றாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஜெபக்குழுவில் ஞானதுரை அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது.

"தம்பி, வருத்தப்படாதீங்க. ஆண்டவர் காட்டினது பொய்யில்ல. ஒங்க வீட்டு அம்மாதான் முந்திட்டா. ஆஸ்பத்திரியில ஞானஸ்நானம் குடுக்கதுன்னா என்ன? அவ மரணத்த ஏத்துக்கிட்டான்னு அர்த்தம். விசுவாசம் அங்கதான் ஒடஞ்சுது."

நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

புதன் கொடுத்திருக்கிறாள். வெள்ளி போயிருக்கிறான்.

மேலே உள்ள வரியை நான் எழுதினேன். அழிக்கப்போவதில்லை. இப்படி நினைக்கிறவன்தான் சீஷத்துவ வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்திருக்கட்டும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஒரு துக்க வீடு. பெட்டி நன்றாக ஓடியது. வேலை முடிந்தும் ஜஸ்டஸ் கிளம்பவில்லை. உள்ளே போய் அந்த வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். நான் வெளியே நின்றேன்.

திரும்பும் வழியில் கேட்டான்.

"லே, ஒண்ணு கேட்டா அடிக்க மாட்டியே?"

"கேளு."

"கம்ப்ரசர் போச்சுன்னு ஒருத்தன் போன்ல சொன்னா, நீ போய்ப் பாக்க முந்தி நம்புவியா மாட்டியா?"

"மாட்டேன். ரிலேயா இருக்கும், கெப்பாசிட்டரா இருக்கும். பாத்தாத்தான் தெரியும்."

"அதான் கேட்டேன்" என்றான்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் புதன்கிழமை பகல் வேலையில் இருந்த நர்ஸைத் தேடிப் பிடித்தேன். ரஹ்மத் சிஸ்டர். சென்சாரை ஒட்டியவரும் அவர்தான். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"பெர்சிஸ் பிள்ளையோட அப்பாதானே? ஏசி மெக்கானிக்."

நான் கேட்டேன். அவர் குழாயில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"நான் பாக்கல தம்பி. அவங்கதான் 'சிஸ்டர், கொஞ்சம் திரும்பி நிக்கிறீங்களா, ஒரு ஜெபம் பண்ணிக்கிடுதேன்'னாங்க. நான் திரும்பி நின்னுக்கிட்டேன். கொதிக்க வச்சு ஆறின தண்ணி வேணும்னு முன்னாடியே கேட்டாங்க, அத நான்தான் குடுத்தேன். சும்மா தண்ணி தொட்டா பிள்ளைக்கு ஆகாதோன்னு பயந்தாங்க. காதால கேட்டேன். அழாமச் சொன்னாங்க. பேரும் சொன்னாங்க."

"என்ன பேரு?"

கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஒங்களுக்குத் தெரியாதா?"

பஸ்ஸில் இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 28, புதன்

ஐயரிடம் சொன்னேன்.

"அன்னைக்கு நான் ஒங்ககிட்ட கேட்டிருக்கவே கூடாது தம்பி. பெத்தவ சொன்னா. நான் அங்கிய மாட்டிட்டு நேரா போயிருக்கணும். சபைக் கமிட்டி என்ன சொல்லுமோன்னு ஒங்க தலையில வச்சிட்டேன்."

பெரிய மனிதர் ஒருவர் தன் தவறை இப்படிச் சொன்னால் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "சரி, இப்ப என்ன செய்யலாம்?" என்றுதான் கேட்டேன்.

வருகிற ஞாயிறு கல்லறையில் ஆராதனை வைக்கலாம், மணி அடிக்கலாம், கல் வைக்கலாம் என்றார். கமிட்டியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"பேரு என்ன, சொல்லுங்க."

தெரியாது என்றேன். இந்த மாதத்தில் ஐயரிடம் அந்த வார்த்தையைச் சொல்வது இரண்டாவது தடவை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பெர்சிஸ் ஊருக்குப் போனேன். பின்வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருக்கிறாள். அத்தை காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"ரஹ்மத் சிஸ்டரப் பாத்தேன். நீ குடுத்தத அவங்க காதால கேட்டிருக்காங்க. ஐயரு ஞாயித்துக்கிழமை ஆராதனை வைக்கலாம்னாரு. மணியும் உண்டு. பேரு மட்டும் வேணும்."

"சாட்சி கெடச்சிட்டுன்னு வந்திருக்கீய."

"ஆமா."

சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியாது.

"நான் பொய் சொல்ல மாட்டேன்னு ஒனக்குத் தெரியும் பெர்சி. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சதத்தான் சொன்னேன்."

"நான் பொய் சொல்லுவேன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

துணியை மடித்து முடித்தாள். ஒரு துணி சின்னது, மஞ்சள் நிறம். அதைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"போன்ல ஒங்க குரல் கேட்டுச்சு அத்தான். 'எனக்குத் தெரியாது ஐயா'. எவ்வளவு சுத்தமாச் சொன்னீய. மூணு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். 'எம்பொண்டாட்டி சொல்லுதா'ன்னு ஒரு வார்த்தை. அது பொய்யில்லையே? அத எடுத்துச் சொல்ல ஒங்களுக்குத் தோணலையே."

தோன்றவில்லைதான். அப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரிகிறது.

"ஐயருக்குப் பேரு வேணும்னா தர மாட்டேன்" என்றாள்.

"எனக்கு வேணும்."

"ஒங்களுக்கு எதுக்கு?"

நிறைய நேரம் யோசித்தேன். காப்பி ஆறி ஆடை படிந்தது.

"போயிட்டு நாளைக்கு வரட்டா?"

"வேலைக்குப் போங்க" என்றாள்.

ஆகஸ்ட் 31, சனி

போனேன். அவள் வெளியே வரவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஐயரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆராதனை வேண்டாம், மணி வேண்டாம். அவள் வராமல், பேர் தெரியாமல், யாருக்கு அடிப்பது?

ஞானதுரை அண்ணாச்சி பக்கத்தில் வந்து, அடுத்த வருடம் ஆண்டவர் இரட்டிப்பாகத் தருவார் என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கடிக்கவில்லை.

"அண்ணாச்சி, எம்பொண்டாட்டியப் பத்தி இனி ஒரு வார்த்தை ஒங்க வாயில இருந்து வரக்கூடாது."

கோயில் முற்றம் முழுக்க நின்றுவிட்டது. ஐயர் தடுக்கவில்லை.

பெட்டியின் சாவியை ஜஸ்டஸிடம் கொடுத்தேன். அவனுக்கு ரிலே மாட்டத் தெரியாது, ஆனால் உட்காரத் தெரியும். ரிலேயை நான் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

சாயங்காலம் அவள் ஊருக்குப் போனேன். மாமாவோடு மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 4, புதன்

போனேன். ஜன்னலில் நின்றாள்.

செப்டம்பர் 5, வியாழன்

போனேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று கதவைத் திறந்தது அவள்தான். படியில் உட்கார்ந்தாள். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். நான் எதையும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்று வைத்திருந்ததெல்லாம் வழியிலேயே தீர்ந்துபோயிருந்தது.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள்.

"கேளு."

"அவனுக்கு எந்தக் காது மடிஞ்சிருந்துச்சு?"

மூன்று தடவை உள்ளே போயிருக்கிறேன். மூன்று தடவையும் மீட்டரைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் என்ன எடை என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். காது தெரியாது. கண்ணை மூடித் தேடினேன். முகத்தை மூடியிருந்த துணிதான் வந்தது.

"தெரியல" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. அவளுக்கு முன்னால் நான் அழுதது இல்லை. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. அவள் என்னைத் தொடவில்லை. எழுந்து போகவும் இல்லை.

ரொம்ப நேரத்துக்குப் பிறகு சொன்னாள்.

"எடது காது. மேல்நுனி. பூ மாதிரி இருக்கும். பால் குடுக்கப் போறப்பல்லாம் வெரலால நிமித்தி விடுவேன். திரும்ப மடங்கிரும்."

ஆள்காட்டி விரலால் காற்றில் அதைச் செய்து காட்டினாள். அவ்வளவு மெதுவாக.

பேரைக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

"இன்னொரு தடவ காட்டு" என்றேன்.

காட்டினாள்.